ஏழு மணிக்குப் பழைய சொல், எட்டு மணிக்குப் புதிய சொல்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. மலருக்காக எழுதித் தரப்பட்டது.)



சங்கச் செயலாளர் என்னிடம், "சார், நீங்க முப்பத்து மூணு வருஷம் பள்ளிக்கூடத்துல வரலாறு நடத்தினவர். சோழர் பத்தி ஏதாவது பேசுங்களேன்" என்றார். சோழரைப் பற்றிப் பேச இந்த ஊரில் ஆளுக்கா பஞ்சம்? நான் ஜெர்மன் மொழியைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். அவர் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரிங்க சார், இருபது நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த இருபது நிமிஷத்துக்குள் முடிக்கப் பார்க்கிறேன்.

வேற்று நாட்டுக்குப் போன ஓர் இளைஞன் தினமும் மணிக்கணக்கு வைத்துக்கொண்டு ஒரு மொழியைப் பழகிய கதை நம் வாசலிலேயே நடந்திருக்கிறது. திருவாரூரிலிருந்து நாகூர், காரைக்கால் வழியாகப் பஸ் பிடித்தால் இரண்டு மணி நேரத்தில் தரங்கம்பாடி. அங்கே கடற்கரையில் டேனிஷ்காரர் கட்டிய டான்ஸ்பொர்க் கோட்டை நிற்கிறது. தஞ்சை ரகுநாத நாயக்கர் 1620-இல் டேனிஷ்காரருக்கு இடம் கொடுத்தார். 1845-இல் அவர்கள் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். இடைப்பட்ட காலத்தில், 1706 ஜூலை 9-ஆம் தேதி, 'சோபியா ஹெட்விக்' என்ற கப்பலில் இரண்டு ஜெர்மானியர் வந்து இறங்கினார்கள். டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய மதபோதகர்கள். ஒருவர் ஹைன்ரிக் புளூட்சௌ. மற்றவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு.

சீகன்பால்குக்கு அப்போது 24 வயது நிறைகிற நேரம். அதாவது, இங்கே முதுகலை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறீர்களே, அந்த வயது. சாக்சனியில் புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். ஹாலே நகரில் பிராங்கே என்ற பேராசிரியரிடம் படித்தவர். உடம்பு அவ்வளவு திடமில்லை. கோபன்ஹேகனில் கப்பல் ஏறி ஏழு மாதத்துக்கு மேல் கடலில் கிடந்து வந்தவருக்கு, வந்து இறங்கியபோது தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. நம் தமிழை அவர்கள் அப்போது 'மலபார் பாஷை' என்றுதான் சொல்வார்கள்.

கரையோரத்தில் வெள்ளைக்காரர்களோடு வியாபாரம் பண்ணியவர்களுக்குப் போர்ச்சுகீசிய மொழி தெரியும். அதை வைத்தே காலத்தை ஓட்டியிருக்கலாம். பல பேர் அப்படித்தான் ஓட்டினார்கள். இவர்கள் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். புளூட்சௌ போர்ச்சுகீசியம், சீகன்பால்கு தமிழ். அதற்கு அவர் செய்த காரியத்தைக் கேளுங்கள். ஒரு வயதான வாத்தியாரைத் தேடிப் பிடித்து, அவருடைய திண்ணைப் பள்ளிக்கூடத்தையே தன் வீட்டுக்கு மாற்றிக்கொண்டார். பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் 'அ', 'ஆ' எழுதுவார்கள். இந்த ஐரோப்பியரும் அவர்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அதே மணலில், அதே விரலால் எழுதினார். ஊர் என்ன சொல்லியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கோட்டையில் இருந்த கம்பெனி அதிகாரிகளுக்கும் இது ரசித்திருக்காது.

எழுத்து வந்துவிட்டது, அர்த்தம் வரவில்லை. வாத்தியாருக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. மாணவருக்குத் தமிழ் தெரியாது. கேள்வி கேட்கவே மொழி இல்லை! இந்த இடத்தில்தான் இன்னொருவர் வருகிறார். ஜெர்மன் கடிதங்களில் அவர் பெயர் 'அலெப்பா'. நம் வாயில் அது அழகப்பன். கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். அவருக்குப் போர்ச்சுகீசியம் தெரியும், டேனிஷ் தெரியும், டச்சு தெரியும், ஜெர்மனும் தெரியும்.

கொஞ்சம் நில்லுங்கள். இந்த இடத்தை எல்லாரும் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் பாடம் நடத்திய புத்தகங்களிலும் 'சீகன்பால்கு தமிழ் கற்றார்' என்று ஒரு வரி இருக்கும். அதற்கு முன்னாலேயே நம் கடற்கரையில் ஒரு தமிழர் ஜெர்மன் பேசிக்கொண்டிருந்தார் என்று ஒரு வரியும் கிடையாது. அவருக்கு அகராதி உண்டா, இலக்கணப் புத்தகம் உண்டா? துறைமுகத்தில், பண்டகசாலையில், கம்பெனி ஆட்களுக்கு நடுவில் நின்று நாள்தோறும் காதால் கேட்டு, வாயால் சொல்லிப் பழகியதுதான் இருக்க வேண்டும். கூத்தாநல்லூர், பொதக்குடிப் பக்கத்து நண்பர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மலேயாவுக்குப் போய் மலாய் பேசக் கற்றது எப்படி? எந்தக் கல்லூரியில்? கடையில் நின்று, பொட்டலம் மடித்துக்கொண்டே கற்றதுதானே. 'நமக்கு மொழி வராதுங்க' என்று இந்தக் கழனிச் சீமையில் பிறந்த யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை.

அந்தக் காலத்துத் தஞ்சை ராஜ்யத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சீகன்பால்கு வந்தபோது தஞ்சையில் மராட்டிய மன்னர் சகஜி ஆட்சி. வீட்டில் மராத்தி, அவையில் சமஸ்கிருதம், குடிமக்களிடம் தமிழ். அவர் நம் திருவாரூர்த் தியாகேசர் மேல் 'பல்லக்கி சேவா பிரபந்தம்' பாடியதோ தெலுங்கில்! இதை யாரும் அதிசயமாக நினைக்கவில்லை. பின்னால் வந்த இரண்டாம் சரபோஜி, ஸ்வார்ட்ஸ் என்ற ஜெர்மன் பாதிரியாரின் பராமரிப்பில் வளர்ந்தவர். சரஸ்வதி மகாலில் ஐரோப்பிய மொழிப் புத்தகங்கள் அலமாரி அலமாரியாக இருப்பது சும்மா அழகுக்கு அல்ல.

சரி, தரங்கம்பாடிக்கே வருவோம். அழகப்பன் வந்து சேர்ந்த பிறகு சீகன்பால்கின் தமிழ் ஓட ஆரம்பித்தது. முதல் ஆண்டு முடிவதற்குள் தமிழில் பேசத் தொடங்கிவிட்டார். அவர் ஒரு நாளை எப்படிக் கழித்தார் என்று ஊருக்கு எழுதிய கடிதம் ஒன்றில் மணிவாரியாகச் சொல்லியிருக்கிறார். அதை என் வார்த்தையில் சொல்கிறேன். மாணவர்கள் இதை மட்டுமாவது குறித்துக்கொள்ளுங்கள்.

காலை ஏழு முதல் எட்டு வரை, முன்பே கற்று எழுதி வைத்த சொற்களையும் தொடர்களையும் திரும்பச் சொல்லிப் பார்ப்பார். புதுசு ஒன்றும் கிடையாது. எட்டு மணிக்கு மேல் பன்னிரண்டு வரை, அதுவரை படித்திராத தமிழ் ஏடு ஏதாவது ஒன்றை எடுத்துப் படிப்பார். அப்போது பக்கத்தில் இரண்டு பேர். ஒருவர் வயதான புலவர், மற்றவர் எழுத்தர். புதுச் சொல் வந்தால் எழுத்தர் உடனே எழுதிக்கொள்வார். செய்யுள் கடினமாக இருந்தால் புலவர் அதைப் பேச்சு வழக்கில் அவிழ்த்துச் சொல்வார். சாப்பிடும்போதும் யாராவது வாசித்துக் காட்டுவார்கள். மத்தியானம் கொஞ்சம் ஓய்வு. மூன்று முதல் ஐந்து வரை மறுபடியும் தமிழ் ஏடுகள். இரவு ஏழு முதல் எட்டு வரை, கண்ணுக்குச் சிரமம் வேண்டாம் என்று, வேறொருவர் வாசிக்க இவர் கேட்பார். அதற்கும் கண்ட புத்தகத்தை எடுப்பதில்லை. தான் பேசவும் எழுதவும் எந்த நடையைப் பின்பற்ற முடியுமோ, அந்த நடையில் எழுதியவர்களின் நூலாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்.

ஏன் பக்கத்தில் ஆள் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். ஓலைச்சுவடியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். அந்தக் காலத்து ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. நிறுத்தக்குறி கிடையாது. ஓலை முடிகிற வரை ஒரே ஓட்டம்தான். 'கல' என்று எழுதியிருந்தால் அது கலவா, கல்லா, கல்லுக்குப் பின்னால் வருகிற வேறு சொல்லின் தொடக்கமா என்பதை மொழி தெரிந்தவன்தான் சொல்ல முடியும். எழுத்தைப் படித்து மொழியைக் கற்பது இல்லை, மொழி தெரிந்தால்தான் எழுத்தையே படிக்க முடியும் என்ற நிலை. அதனால் அந்தப் புலவர் இல்லாமல் ஏடு பேசாது.

இந்தப் பழக்கத்தில் என்ன விளைந்தது என்றும் பார்க்க வேண்டும். வந்து இரண்டே ஆண்டில், 1708-இல், தன்னிடம் சேர்ந்திருந்த சுவடிகளுக்கு ஒரு பட்டியல் எழுதினார். 'பிப்ளியோதேக்கா மலபாரிக்கா' என்று பெயர். அதில் தமிழர் சமய, இலக்கிய நூல்கள் மட்டும் 119. ஒவ்வொன்றும் எதைப் பற்றியது என்று குறிப்பும் எழுதியிருக்கிறார். தொல்காப்பியம் இருக்கிறது, திருக்குறள் இருக்கிறது. உ.வே.சா. பிறப்பதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னால் நடந்த காரியம் இது. அதே ஆண்டில் 'நீதிவெண்பா', 'கொன்றை வேந்தன்', 'உலக நீதி' மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார். நம் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் படிக்கிற கொன்றை வேந்தனை அவரும் தொடக்கப் பாடமாகவே படித்திருக்கிறார், பாருங்கள்.

1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்க ஆரம்பித்தார். அடுத்த மாதமே தரங்கம்பாடித் தளபதியோடு தகராறு வந்து, அவரை டான்ஸ்பொர்க் கோட்டையில் அடைத்துவிட்டார்கள். நான்கு மாதம் உள்ளே இருந்தார். வெளியே வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, 1711-இல் முடித்தார். பிறகு லண்டனிலிருந்து அச்சு எந்திரம், ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. புத்தகம் 1715-இல் முழுதாக அச்சேறியது. ஹாலே எழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் அதிகம் பிடித்தது. இங்கேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். பக்கத்தில் பொறையாற்றில் காகிதப் பட்டறையும் போட்டார்கள். 'கடுதாசிப்பட்டறை' என்ற பெயர் இன்றும் அங்கே வழங்குகிறது. அந்தப் பக்கம் பெண் எடுத்தவர்களுக்குத் தெரியும்.

1714-இல் அவர் ஐரோப்பாவுக்குப் போனார். தனியாகப் போகவில்லை. மலையப்பன் என்ற தமிழ் இளைஞரைக் கூட்டிக்கொண்டு போனார். கப்பலில் மாதக்கணக்கில் தமிழோடு இருக்க வேண்டும் அல்லவா! அந்தப் பயணத்தில்தான் தமிழ் இலக்கணத்தை லத்தீனில் எழுதினார். 1716-இல் ஹாலேயில் 'கிராமத்திக்கா தமுலிக்கா' என்று அச்சானது. நன்னூல் சொல்கிற செந்தமிழ் அதில் முக்கியமில்லை. இந்தக் கரையில் அன்றாடம் புழங்கிய தமிழ் எப்படி இருந்தது என்று பார்க்க அது ஒரு நல்ல சாட்சி.

அவர் தமிழ் குறையில்லாத தமிழா? இல்லை. வீரமாமுனிவர் தரங்கம்பாடிக்காரர்களின் தமிழைக் கிழி கிழி என்று கிழித்திருக்கிறார். இரண்டு சபைக்காரர்களுக்கும் இருந்த சண்டை அதில் பாதி என்றாலும், மீதி நியாயமான குற்றச்சாட்டுதான். வீரமாமுனிவர் காவியம் பாடியவர். இவர் சந்தையிலும் சாவடியிலும் பேசக் கற்றவர். எனக்கு இரண்டு பேரையும் பிடிக்கும். ஆனால் 24 வயதில் ஒரு மொழியைத் தொடங்குகிறவனுக்கு வழிகாட்டி யார் என்று கேட்டால் நான் தரங்கம்பாடிக்காரரைத்தான் கைகாட்டுவேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவர் வந்தது மதம் மாற்ற. அந்த நோக்கம் கடைசி வரைக்கும் மாறவில்லை. ஆனால், தினமும் எட்டு மணி நேரம் ஒரு மக்களின் நூல்களைப் படிக்கிறவனுக்கு அந்த மக்களை அநாகரிகர் என்று சொல்ல நா எழவில்லை. இவர்கள் மொழி தெரியாததால்தான் ஐரோப்பியர் இவர்களைக் காட்டுமிராண்டிகள் என்று நினைக்கிறார்கள் என்று, அந்த நீதிநூல் மொழிபெயர்ப்பின் முன்னுரையிலேயே அவர் எழுதினார். நம் தெய்வங்களைப் பற்றி, நம்மவர்களைக் கேட்டுக் கேட்டு, 1713-இல் ஒரு பெரிய நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். ஆசிரியர் பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். உன்னை அனுப்பியது அங்கே உள்ளதை ஒழிப்பதற்கு, அதை இங்கே பரப்புவதற்கு அல்ல என்பது அவர் கட்சி. அந்த நூல் 1867-இல் சென்னையில்தான் அச்சேறியது. நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் பெட்டியில் கிடந்தது. நான் பிராங்கேயைக் குறை சொல்லவில்லை. அவர் ஹாலேயில் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் யாரும் தமிழ் வாசிக்கவில்லை.

அழகப்பனும் ஒதுங்கிப் போய்விடவில்லை. 1712 முதல் 1714 வரை தமிழர்கள் எழுதிய 99 கடிதங்களைத் தரங்கம்பாடியிலிருந்து ஜெர்மனில் பெயர்த்து அனுப்பினார்கள். நம் சாதி, சடங்கு, வைத்தியம், விவசாயம், எல்லாவற்றையும் பற்றிப் பாதிரிமார் கேட்ட கேள்விகளுக்குப் பதில்கள் அவை. அவற்றில் பெரும்பங்கு அழகப்பன் எழுதியது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சீகன்பால்கு 1719 பிப்ரவரியில், 36 வயதில், தரங்கம்பாடியிலேயே இறந்தார். அவர் கட்டிய புதிய எருசலேம் கோயிலில் கல்லறை இருக்கிறது. கடற்கரையில் நினைவுச் சின்னம் இருக்கிறது. அழகப்பனுக்கும், காலை எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்த அந்தக் கிழப் புலவருக்கும் ஒரு கல்லும் இல்லை. இந்த மலரிலாவது அவர்கள் பெயரும் வேலையும் அச்சில் வரட்டும் என்றுதான் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன்.

இனி என் சொந்தக் கதை, சுருக்கமாக. என் மகள் கல்யாணமாகி ஜெர்மனியில் இருக்கிறாள். பேத்தி அங்கேயே பிறந்தவள். இப்போது ஆறு வயது. வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். ஆனால் பள்ளிக்கூடம், தோழிகள், தொலைக்காட்சி எல்லாம் ஜெர்மன். ஒருநாள் போனில், "தாத்தா, நாங்க சாப்பிடலாமா?" என்றாள். நானும் அங்கே அவர்களோடு மேஜையில் உட்கார்ந்திருப்பதாகப் பாவனை விளையாட்டு அது. எனக்குச் சுருக்கென்றது. 'நாம சாப்பிடலாமா' என்றல்லவா வர வேண்டும். 'நாங்க' என்றால் நான் அதில் இல்லையே! பிறகு விசாரித்தால், ஜெர்மனில் 'வீர்' என்று ஒரே சொல்தான். நாமும் அதுதான், நாங்களும் அதுதான். குழந்தையின் மேல் தப்பு இல்லை. அவள் தலைக்குள்ளே அந்த வேலி இல்லை, அவ்வளவுதான். அவளுக்கு 'நாம்' புரிய வேண்டுமானால் அவள் மொழியில் நான் கொஞ்சம் போய்ச் சேர வேண்டும் என்று பட்டது.

ஓய்வு பெற்ற அடுத்த மாதம், 60 வயதில், ஆரம்பித்தேன். பாடத்திட்டம் எனக்குத் தெரிந்த ஒன்றுதான். தரங்கம்பாடிப் பாடத்திட்டம். காலை ஏழு மணிக்கு பழைய சொல், பழைய வாக்கியம். புதியதைத் தொட மாட்டேன். எட்டு மணிக்குப் புதியது. எழுத்தர் இல்லாத குறைக்கு நாற்பது பக்க நோட்டு. சாப்பிடும்போது கைப்பேசியில் ஜெர்மன் செய்தி ஓடும். என் மனைவி, "ரசத்துக்கு உப்பு இருக்கா இல்லையான்னு இந்தச் சத்தத்துல உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பாள். சாயங்காலம் பேத்தியோடு ஒரு மணி நேரம். முதல் அரை மணி அவள் வாத்தியார். அடுத்த அரை மணி நான் வாத்தியார். மணல் இல்லை, மற்றபடி திண்ணைப் பள்ளிக்கூடம்தான்.

அந்த மொழியில் எனக்கு விளங்கிய சில சங்கதிகளை மாணவர்களுக்குச் சொல்கிறேன், பயம் போகும். ஜெர்மனில் கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டும் இல்லாதது. சிறுமியைக் குறிக்கிற 'மேட்ஷென்' என்ற சொல் பெண்பாலே இல்லை! இதற்குக் காரணம் கேட்டுப் பயனில்லை. சொல்லோடு சேர்த்து மனப்பாடம் செய்ய வேண்டியதுதான். இருபத்தொன்றை 'ஒன்றும் இருபதும்' என்பார்கள். இதெல்லாம் தொல்லை. ஆனால் நமக்குச் சாதகமானவையும் உண்டு. 'நீ', 'நீங்கள்' வித்தியாசம் அவர்களிடமும் இருக்கிறது, 'டூ', 'ஸீ' என்று. 'ஏனென்றால்' என்று ஒரு துணை வாக்கியம் ஆரம்பித்தால் வினைச்சொல் போய்க் கடைசியில் உட்காரும். இங்கிலீஷ் மட்டும் தெரிந்தவன் இதில் தடுமாறுவான். நாம் பிறந்ததிலிருந்து வினையைக் கடைசியில்தானே வைக்கிறோம்! கையுறைக்கு அவர்கள் சொல் 'ஹாண்ட்ஷூ'. கைக்குப் போடும் செருப்பு! சொல்லோடு சொல்லை ஒட்டிக்கொண்டே போகும் இந்த வித்தையும் தமிழனுக்குப் புதிதில்லை. ஆக, இங்கிலீஷ் வழியாகப் போய்த்தான் ஜெர்மனைத் தொட வேண்டும் என்று நினைக்க வேண்டாம். தமிழிலிருந்து நேராகவே ஒரு பாதை இருக்கிறது.

இரண்டு வருஷம் கழித்து மகள் வீட்டுக்குப் போனபோது ஹாலேக்கும் போய் வந்தேன். பிராங்கே தொடங்கிய அனாதைச் சிறுவர் இல்லம் அப்படியே நிற்கிறது. மேல்மாடியில் பல நாட்டுப் பொருள்களை வைத்த பழைய அரும்பொருள் கூடம். காப்பகத்தில் நம் ஓலைச்சுவடிகளைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அங்கிருந்த அம்மாவிடம், நான் தரங்கம்பாடிக்குப் பக்கத்திலிருந்து வருகிறேன் என்று ஜெர்மனில் சொன்னேன். அவர் எழுந்து நின்று கைகொடுத்தார். தரங்கம்பாடி என்றால் அங்கே எல்லாருக்கும் தெரிகிறது. நம் மாணவர்களில் எத்தனை பேர் அந்தக் கோட்டையைப் பார்த்திருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். (நான்கு கைகள்.) சரி.

கடைசியாக, பிள்ளைகளின் பிழைப்பைப் பற்றி. ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களிடம் பருவத்துக்கு 1500 யூரோ வாங்குகிறார்கள். ஆனால் இளநிலைப் படிப்புகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான். நர்சிங் முடித்த பெண்கள் நிறையப் பேர் இப்போது அங்கே போக ஆசைப்படுகிறார்கள். அவர்கள் படிப்புக்கு அங்கே அங்கீகாரம் கிடைக்கப் பெரும்பாலும் பி-2 நிலைத் தேர்வு தேற வேண்டும். ஏ-1, ஏ-2, பி-1, பி-2, சி-1, சி-2 என்று ஆறு படிகளில் அது நான்காவது படி. 'மூன்றே மாதத்தில் பி-2, வேலை உறுதி' என்று விளம்பரம் போட்டு, பெரிய தொகையாகக் கட்டணம் வாங்குகிற இடங்கள் இருக்கின்றன. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் வயலை அடமானம் வைத்துக் கட்டியது. அந்தப் பெண்ணுக்கு மூன்று மாதத்தில் ஏ-1 கூட முழுதாக வரவில்லை. எப்படி வரும்? வாரத்துக்கு இரண்டு வகுப்பு, அதற்கு நடுவில் ஐந்து நாள் ஒன்றும் கிடையாது. புத்தி கெட்டிக்கார சீகன்பால்குக்கே பக்கத்தில் ஒரு புலவர், ஓர் எழுத்தர், ஒரு மொழிபெயர்ப்பாளர், இரவில் வாசிக்க ஒருவர் என்று நான்கு பேர் தேவைப்பட்டார்கள், ஒருநாள் விடாமல்!

வயல் அடமானம் வைக்கிற செலவு இதற்கு வேண்டியதில்லை. ஆகவே சங்கத்தின் சார்பில் ஒரு ஏற்பாடு. அடுத்த மாதம் முதல் சனி, ஞாயிறு மாலை 4 மணிக்கு நம் கல்லூரியில், முதல்வர் ஒதுக்கித் தந்திருக்கும் அறையில், ஏ-1 வகுப்பு தொடங்குகிறோம். நான் தொடங்கி வைக்கிறேன். எனக்கு மேலே தெரிந்தவர்கள் மூன்று பேர் பழைய மாணவர்களில் இருக்கிறார்கள், போனில் வந்து பேசுவார்கள். என் பேத்தியும் மாதம் ஒரு தடவை வருவதாகச் சொல்லியிருக்கிறாள், சாக்லேட் உண்டு என்ற நிபந்தனையோடு. கட்டணம் இல்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று, பேனா ஒன்று. மற்ற ஐந்து நாளும் காலை ஏழு மணிக்கு யார் யாருக்குப் போன் பண்ணிப் பழைய பாடம் ஒப்பிப்பது என்று இருவர் இருவராகச் சேர்த்துவிடுவோம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள், சாப்பாட்டுப் பந்திக்குப் போகும் வழியில் வாசலில் மேஜை போட்டிருக்கிறோம், அங்கே எழுதிவிட்டுப் போங்கள்.